ஓவியத்தில் கண்ணாடிக் கிண்ணம்

ஒரு மேசை, அதன்மேல் ஒரு தட்டு, பாதி தோலுரித்த எலுமிச்சை, மது ஊற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணம். இவற்றைக் கண்டவாறே எழுதிக் காட்டுவது கலையாகுமா, வெறும் கைத்திறன்தானா என்னும் வழக்கு ஐரோப்பிய ஓவிய உலகில் முந்நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. பாரிசில் அரசவை ஓவியக் கழகத்தின் 1667-ம் ஆண்டுச் சொற்பொழிவுகளுக்கு முன்னுரை எழுதிய அந்திரே பெலிபியன் என்பவர், ஓவியங்களைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். வரலாற்றையும் சமயக் கதைகளையும் தீட்டுவோர் உச்சியில். பழமும் பூவும் சிப்பியும் தீட்டுவோர் அடியில். ஹாலந்து நாட்டிலேயே, ரெம்பிராண்டிடம் பயின்ற ஹோக்ஸ்ட்ராட்டன் என்பவர் 1678-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இத்தகைய ஓவியர்களைக் கலைப்படையின் கடைநிலைச் சிப்பாய்கள் வரிசையில் நிறுத்தினார். இத்தனைக்கும் அவர் காலத்தில் ஹாலந்துக்காரர் வீட்டுச் சுவர்களில் அந்தச் சிப்பாய்களின் கைவேலையே ஏராளமாகத் தொங்கியது.

அந்தத் தீர்ப்பு இன்னும் முற்றிலும் தள்ளுபடியாகிவிடவில்லை. கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை ஓர் ஓவியர் திறம்பட எழுதிவிட்டால் "அடடா, புகைப்படம் போலவே இருக்கிறது!" என்று வியப்பவர் பலர். அது பாராட்டுப் போல ஒலித்தாலும், பார்த்ததைப் படியெடுத்தார், அவ்வளவுதான் என்னும் பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைப்' என்றும், பிரெஞ்சு மொழியில் 'இறந்த இயற்கை' என்று பொருள்படும் தொடராலும் வழங்கும் இந்த நிலைப்பொருள் ஓவியம் வெறும் படியெடுப்புத்தானா என்பதை ஆராய, அதிலே மிகக் கடினமான பொருளை எடுத்துக்கொள்வதே முறை. அப்பொருள் கண்ணாடி.

பானையைத் தீட்டுபவர்க்குப் பானையின் நிறம் கைகொடுக்கும். கண்ணாடிக்கோ சொந்த நிறமில்லை. பின்னே இருப்பது அதனூடே தெரிகிறது. முன்னே இருப்பது அதன்மேல் பிரதிபலிக்கிறது. முகம் பார்க்கும் ஆடியையும், நீர் அருந்தும் கிண்ணத்தின் பொருளையும் தமிழர் 'கண்ணாடி' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஓவியரை அலைக்கழிப்பது இந்த இரட்டைத் தன்மையேயாகும். தன்னை அடுத்திருப்பதைக் காட்டிவிடும் இயல்பு பளிங்குக்கு உண்டு என்பதைக் கண்டு, உள்ளத்தைக் காட்டும் முகத்துக்கு அதனை உவமையாக்கினார் வள்ளுவர், குறிப்பறிதல் அதிகாரத்தில். கிரேக்க நாட்டிலும் இவ்வியல்பு ஓர் ஓவியரைக் கவர்ந்திருக்கிறது. கி.மு. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவ்சியாஸ் என்பவர் எப்பிடாரஸ் என்னும் ஊரில் 'மதுமயக்கம்' என்னும் பெண்ணுருவைத் தீட்டினார். அவள் பளிங்குக் கிண்ணத்தில் அருந்திக் கொண்டிருக்க, கிண்ணத்தினூடே அவள் முகம் தெரிந்ததாம். பிற்காலத்தில் அவ்வூர் சென்று கண்ட பாவ்சானியாஸ் என்னும் பயணி இதனைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் படம் இன்றில்லை. ஆயினும் கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரிலிருந்து எடுத்த சுவரோவியம் ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சைப் பீச்சுப் பழங்களும், அருகே பாதி நீர் நிறைந்த கண்ணாடிச் சாடியுமாக அமைந்த அப்படத்தைப் பார்ப்பவர், இந்தக் கலை நேற்று முளைத்ததன்று என்பதை ஒப்புவர்.

கண்ணாடியை எழுதத் தொடங்குபவர் முதலில் செய்யும் பிழை அதற்குச் சுற்றுக்கோடு இழுப்பது. இரண்டாவது பிழை, மற்றப் பொருள்களுக்குக் கற்ற ஒளிநிழல் விதியை இதற்கும் பொருத்துவது. ஆப்பிள் பழத்தில் சாளரத்தை நோக்கிய பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும். மது நிறைந்த உருண்டைக் கிண்ணத்திலோ கதை தலைகீழ். இடப்புறச் சாளரத்திலிருந்து நுழையும் ஒளி, மதுவினுள் வளைந்து சென்று வலப்புறத்தில் குவிகிறது. ஆதலால் ஒளிக்கு எதிர்ப்பக்கமே பொன்போல் சுடர்கிறது. அதற்கும் அப்பால், மேசை விரிப்பில் விழும் நிழலின் நடுவே ஓர் ஒளித்திட்டு மிதக்கும். நிழலுக்குள் வெளிச்சம்! கண்ணாடியின் விளிம்புக்கும் தனி விதி உண்டு. நேரே வந்து படும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கையே கண்ணாடியின் ஒரு முகம் திருப்பியனுப்பும்; மீதி ஊடுருவிச் சென்றுவிடும். சாய்ந்து உரசும் ஒளியையோ அது பெரும்பாலும் திருப்பிவிடும். ஆகவேதான் கிண்ணத்தின் நடுப்பகுதி இருப்பதாகவே தெரிவதில்லை. விளிம்பு மட்டும் கம்பிபோல் மின்னுகிறது அல்லது மைபோல் இருள்கிறது. ஒளியின் இந்தக் கணக்கைப் பிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1820-களில் வகுத்தார். ஹாலந்து ஓவியர்களோ அதற்கு 200 ஆண்டு முன்னரே அதனைத் தூரிகையால் எழுதிவிட்டனர். அவர்களுக்குச் சூத்திரம் தெரியாது, பார்க்கத் தெரியும்.

அவர்களில் முதன்மையாகப் பேசவேண்டியவர் ஹார்லெம் நகரத்து வில்லம் ஹெடா. 1594-ல் பிறந்து 1680 வரை வாழ்ந்தவர். அவருடைய 'பொன்முலாம் கிண்ணம்' என்னும் 1635-ம் ஆண்டு ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உணவு முடிந்து எழுந்து போனவர்களின் மேசை அது. ஈயக் கலவைத் தட்டுகள், சிப்பிகள், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், சுருண்டு தொங்கும் எலுமிச்சைத் தோல், கசங்கிய வெள்ளைத் துணி. இவற்றினிடையே 'ரூமர்' எனப்படும் பருத்த மதுக்கிண்ணம் நிற்கிறது. காட்டு மரச் சாம்பலும் இரும்புக் கலப்புள்ள மணலும் சேர்த்து உருக்கியதால் பசுமை ஏறிய கண்ணாடி அது. அதன் தண்டில் கண்ணாடிக் குமிழ்களை ஒட்டியிருப்பார்கள். நெய்ப்பிசுக்குள்ள விரல் வழுக்காமலிருக்க அவை உதவின.

இந்தப் படத்தில் வண்ணம் மிகக் குறைவு. சாம்பலும் பழுப்பும் வெளிறிய பச்சையுமாக ஏறத்தாழ ஒரே நிறத்தின் ஏற்றத் தாழ்வுகள்தாம். ரூமரை அருகே சென்று நோக்கினால் வியப்புத் தோன்றும். கிண்ணத்தின் மேற்பாதியில் பெரும்பகுதி, பின்னே உள்ள சுவரின் சாம்பல் நிறமேயன்றி வேறில்லை. சுவரை முதலில் எழுதிவிட்டு, அதன்மேல் கிண்ணத்தை ஏற்றுவதே இவ்வகை ஓவியரின் வழக்கம். மெல்லிய நிறப்பூச்சு ஒன்று, வாய்விளிம்புக்கு ஒரு கோடு, குமிழ்களுக்குப் பொட்டுகள், இறுதியில் தடித்த வெள்ளைச் சாயத்தில் சாளரத்தின் பிம்பம். அவ்வளவே. ஆனால், உண்மையான கிண்ணம் ஒன்றை அத்தகைய மேசையில் வைத்துப் பார்த்தால் நூறு பிம்பங்கள் அதில் நெளியும். தட்டும் துணியும் சாடியும் மட்டுமல்ல, எழுதிக்கொண்டிருக்கும் ஓவியரின் தலையும் கையும் கூட அதில் இருக்கும். ஹெடா அவற்றில் மிகப் பலவற்றைத் தள்ளிவிட்டார். எதை வைத்தால் கண்ணாடி கண்ணாடியாக நிற்குமோ அதனை மட்டும் வைத்தார். படியெடுப்பு என்று இதனைச் சொல்ல இயலாது. கண்டவற்றில் கழிக்க வேண்டியதைக் கழிக்கும் இந்தத் தேர்வில்தான் ஓவியரின் அறிவு இருக்கிறது.

ஓவியரின் தலையையும் தள்ளாமல் வைத்தவர் ஒருவர் உண்டு. அதே ஹார்லெம் நகரத்துப் பீட்டர் கிளேஸ், 1628-ம் ஆண்டையொட்டி எழுதிய ஒரு படம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் இருக்கிறது. மண்டையோடு, வயலின், கடிகாரம், சாய்ந்து கிடக்கும் ரூமர் ஆகியவற்றோடு ஒரு கண்ணாடி உருண்டையும் அதில் உண்டு. அந்த உருண்டைக்குள் முழு அறையும், அங்கே அமர்ந்து எழுதும் கிளேசும் சிறுத்துத் தெரிகின்றனர். சாமர்த்தியம்தான். ஆனால் அந்தச் சாமர்த்தியமே கண்ணை இழுத்துக்கொண்டு போவதால், அருகே கிடக்கும் ரூமரின் அழகு பலருக்குத் தெரியாமற் போகிறது.

சாளரப் பிம்பம் நாளடைவில் ஒரு சடங்காகவும் மாறியது. பளபளப்பு வேண்டுமா, நான்கு கட்டச் சாளரம் ஒன்றைப் போடு என்றாகிவிட்டது. இந்த நோய் ஹாலந்தில் தோன்றியதுமன்று. ஜெர்மானியப் பேரோவியர் டியூரர் 1502-ல் எழுதிய முயலின் கண்ணிலேயே சாளரம் தெரிகிறது! டியூரர் தம் அறையில் கண்டதை எழுதினார் என்று அவருக்காக வாதாடலாம். பின்வந்தவர்கள் பலருக்கு அந்த வாதமும் இல்லை. அவர்கள் கண்டதை எழுதவில்லை, கற்றதை எழுதினார்கள். பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து, 'இங்கே ஒரு வெள்ளைப் புள்ளி' என்று வைக்கப்பட்ட கிண்ணங்கள் மின்னத்தான் செய்கின்றன. அவற்றில் மது ஊற்ற முடியும் என்றுதான் தோன்றுவதில்லை.

இனி, ஹெடாவின் மேசைக்கு என்ன பொருள் என்ற கேள்வி. உடைந்த கிண்ணமும் கவிழ்ந்த கோப்பையும் நிலையாமையைப் போதிக்கின்றன என்பது ஒரு சாராரின் கட்சி. எட்டி டி யோங் என்னும் அறிஞர் 1976-ல் ஆம்ஸ்டர்டாமில் அமைத்த கண்காட்சி, ஹாலந்து ஓவியங்களின் உட்பொருளைத் தேடும் இந்த நோக்குக்கு வலுவூட்டியது. 1983-ல் சுவெட்லானா ஆல்பர்ஸ் அதனை மறுத்தார். உவமைப் பொருள் தேட வேண்டியதில்லை. கண்ணால் கண்டு விவரிப்பதே அந்நாட்டுக் கலையின் நோக்கம் என்றார். இவ்விருவருக்கும் முன்பே, 1953-ல், பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்ட் பார்த் வேறொரு குற்றச்சாட்டை வைத்துவிட்டார். மனிதன் கையாளும் சரக்குகளாக உலகத்தையே மாற்றி, அவற்றுக்கு மெருகேற்றிக் காட்டும் வணிகரின் கலை இது என்பது அதன் சாரம்.

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டைத் தென்கிழக்காசிய வாசகர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஹெடா, கிளேஸ் இருவர் படங்களிலும் அச்சுத் தாளில் சுருட்டிய மிளகுப் பொட்டலம் அடிக்கடி வருகிறது. சுமத்திராவிலும் மேற்கு ஜாவாவிலும் விளைந்த மிளகை, 1602-ல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போன காலம் அது. ஹெடாவின் அந்தப் படம் எழுதப்பட்ட ஆறாம் ஆண்டில், 1641-ல், மலாக்காக் கோட்டை அக்கம்பெனியின் கைக்கு வந்தது. மேசை அமைதியாக இருக்கிறது. அதற்கு மிளகு வந்த வழி அமைதியானதன்று. இதனை மறைப்பது திறனாய்வுக்கு அழகாகாது.

ஆயினும், பார்த்தின் குற்றச்சாட்டு எல்லாப் பொருள்களுக்கும் ஒருங்கே பொருந்துமா? வெள்ளிக்கும் பீங்கானுக்கும் நன்கு பொருந்தும். வில்லம் கால்ப் என்பவரின் படங்களே அதற்குச் சான்று. 1619-ல் ராட்டர்டாமில் பிறந்த இவர், ஆம்ஸ்டர்டாம் செல்வர்களுக்காகத் துருக்கிக் கம்பளம், சீனப் பீங்கான், வெனிஸ் பாணிக் கிண்ணம் என்று அடுக்கி அடுக்கித் தீட்டினார். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள இவரது படத்தில், வெள்ளிப்பூண் கட்டிய பருகு கொம்பும் செக்கச் சிவந்த சிங்கியிறாலும் போட்டியிடுகின்றன. இருட்டிலிருந்து கண்ணாடி சுடர்விட்டு எழும் அழகில் கால்ப்பை வென்றவர் இல்லை எனலாம். ஜெர்மானியக் கவிஞர் கதேயே அவரிடம் மயங்கினார். என்றாலும், அந்தக் கிண்ணம் விலை சொல்லிக்கொண்டே நிற்கிறது. ஹெடாவின் ரூமர் அப்படி நிற்கவில்லை. வீட்டில் புழங்கும் கிண்ணம் அது. தன் நிறம் என ஒன்று இல்லாததாகிய அது, சுவரையும் சாளரத்தையும் பகல் வெளிச்சத்தையும் காட்டுகிறதேயன்றித் தன்னைக் காட்டவில்லை. ஆசை கொள்ள அங்கே பிடிமானம் எதுவுமில்லை. வணிகரின் மேசையில் வணிகத்துக்கு அடங்காத ஒரே பொருள் அதுவாக இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மெய்ம்மை என்பது ஒளிவிதிக்கு முற்றும் கீழ்ப்படிவதுதானா என்பதையும் இங்கே கேட்கவேண்டும். 2017-ம் ஆண்டில் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு மேல் ஏலம் போன 'உலக இரட்சகர்' என்னும் படத்தைச் சுற்றி இந்தச் சர்ச்சை எழுந்தது. லியனார்டோ டாவின்சி வரைந்ததாகக் கூறி விற்கப்பட்ட படம் அது; முழுவதும் அவர் கைவேலைதானா என்பதில் அறிஞர்க்குள் ஒற்றுமையில்லை. படத்தில் கிறிஸ்துவின் இடக்கையில் ஒரு பளிங்கு உருண்டை இருக்கிறது. திண்ணிய பளிங்காயின், பின்னே உள்ள ஆடையின் மடிப்புகள் அதனூடே தலைகீழாகப் புரண்டிருக்க வேண்டும். படத்திலோ அவை நேராகவே தெரிகின்றன. ஒளியியல் ஆராய்ந்த லியனார்டோ இப்படிப் பிழை செய்வாரா என்றனர் சிலர். உருண்டை உள்ளீடற்றது என்று 2019-ல் கணினி கொண்டு கணக்கிட்டுக் காட்டினர் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் சிலர். தெய்வத்தின் ஆடை கோணலாகத் தெரிய வேண்டாம் என்று வேண்டுமென்றே விதியை மீறினார் என்பாரும் உண்டு. மூன்றாவது விடையே ஓவியரின் மனத்தை அறிந்தவர் சொல்லும் விடையாகப் படுகிறது. ஆனால் அந்த விடையிலும் ஒரு விலை இருக்கிறது. அந்த உருண்டையைப் பார்ப்பவர்க்கு அதன் கனம் தெரிவதில்லை. ஏந்திய கை, எதையும் ஏந்தாத கைபோல் இருக்கிறது. விதியை மீறலாம், மீறினால் பொருள் கையில் நிற்காது.

விதியும் கெடாமல், சாளரச் சடங்கும் இல்லாமல், செல்வத்தின் விளம்பரமும் இல்லாமல் ஒரு கிண்ணத்தை எழுத முடியும் என்று காட்டியவர் பாரிஸ் நகரத்து ஷார்தான். 1699-ல் பிறந்தவர். 1728-ல் அரசவை ஓவியக் கழகம் அவரை 'விலங்கும் பழமும் தீட்டுவோர்' என்ற வகையிலேயே சேர்த்துக்கொண்டது. பெலிபியனின் அடிப்படிதான். 1755-ல் அதே கழகத்தின் பொருளாளராக ஆனார் என்பது காலத்தின் விளையாட்டு.

அவர் 1761-ம் ஆண்டையொட்டித் தீட்டிய சிறு படம் ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி கலைக்கூடத்தில் உள்ளது. அகலம் 41 சென்டிமீட்டர்தான். கல் திண்ணை ஒன்றில் ஒரு கிண்ணம் தண்ணீர், கரியேறிய ஒரு காப்பிப் பாத்திரம், சில வெள்ளைப் பூண்டுகள். வேறொன்றும் இல்லை. மண்டையோடு இல்லை, வெள்ளிக் கோப்பை இல்லை, போதனை சொல்ல எதுவுமே இல்லை. காப்பிப் பாத்திரம் ஒளியை விழுங்குகிறது, கிண்ணம் ஒளியை விடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையேதான் படம் நடக்கிறது. ஹெடாவின் சாளரப் பிம்பம் இங்கில்லை. கிண்ணம் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்ல ஷார்தானுக்கு விருப்பமில்லை. நீர்மட்டத்தின் நீள்வட்டமும், விளிம்பில் ஓரிரு வெளிச்சக் கீற்றும், கண்ணாடியூடே சற்றே நிறம் மாறிய பின்சுவருமே உள்ளன. நீருக்கும் நிறமில்லை, கண்ணாடிக்கும் நிறமில்லை. நிறமற்ற ஒன்றுக்குள் நிறமற்ற மற்றொன்று இருப்பதைக் காட்டுவது, மதுவைக் காட்டுவதைவிடப் பன்மடங்கு அரிது. அந்த நீர் குளிர்ந்திருக்கிறது என்பது பார்ப்பவர்க்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று தேடி அருகே போனால் சாயத்தின் சொரசொரப்பே மிஞ்சும்.

இதனை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர் திதெரோ. 1763-ம் ஆண்டுக் கண்காட்சியில், கண்ணாடிச் சாடியில் ஆலிவ் காய்கள் மிதக்கும் ஷார்தானின் படத்தைக் கண்டு அவர் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. அருகே போனால் எல்லாம் கலங்கி மறைகிறது, விலகி நின்றால் மீண்டும் உருக்கொள்கிறது என்னும் கருத்தை அதில் சொன்னார். ஹெடாவின் கண்ணாடி அருகிலும் கண்ணாடிதான்; ஷார்தானின் கண்ணாடி பார்ப்பவர் உதவியின்றி முழுமையாவதில்லை. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், ஷார்தானே என்று சொல்லத்தான் வேண்டும். ஆயினும், ஷார்தான் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்த வழக்கமும் உண்டு. அந்த மறுபதிப்புகள் எல்லாவற்றிலும் இந்தக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

அவருடைய நீர்க்கிண்ணங்களில் இன்னொன்று, 1761-ம் ஆண்டுக் 'காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை' என்னும் படத்தில் உள்ளது. செந்நிறக் கோபுரமாகக் குவிந்த பழங்களின் அருகே, இரண்டு வெள்ளைப் பூக்களோடு அந்தக் கிண்ணம் நிற்கிறது. படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பழக்குவியலையே பேசுவர். கிண்ணத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அத்தனை சிவப்பும் மூச்சு முட்டி நிற்கும். 2022-ல் பாரிசில் இப்படம் 2 கோடி 40 லட்சம் ஈரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. அயல்நாட்டுக்குப் போகவிருந்ததைப் பிரெஞ்சு அரசு தேசியச் செல்வமாக அறிவித்துத் தடுத்தது. பின்னர் லூவர் அருங்காட்சியகம் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, 2024-ல் அதனைத் தனதாக்கிக்கொண்டது. கடைநிலைச் சிப்பாயின் படத்துக்காகப் பாரிஸ் மக்கள் பணப்பையைத் திறந்ததைப் பெலிபியன் கண்டால் என்ன சொல்வாரோ!

ஷார்தானுக்குப் பின் இத்துறையில் எவரும் இல்லை என்பதன்று. 1970-களில் அமெரிக்காவின் ஜானட் பிஷ், சாளரத்தருகே நீர்க்கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஹெடா தள்ளிவிட்ட அந்த நூறு பிம்பங்களையும் விடாமல் பெரிய பெரிய திரைச்சீலைகளில் எழுதினார். கண் கூசும் ஆற்றல் அது. தேர்வின் அமைதி அதில் குறைவு. அந்த அமைதிக்கு உரியவர் மானேதான். 1882-ம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற மதுக்கடைப் படத்தில், மேசைப் பெண்ணின் முன்னே ஒரு கிண்ணத்தில் இரண்டு ரோசாப் பூக்களை வைத்தார். அதன்பின் நோய் முற்றிப் பெரிய படங்கள் எழுத இயலாதபோது, நண்பர்கள் கொண்டுவந்த மலர்களைப் பளிங்குக் குடுவைகளில் இட்டுச் சிறு சிறு படங்களாக எழுதினார். பூக்களைவிட, நீருக்குள் முறிந்தாற்போல் தெரியும் காம்புகளில்தான் தூரிகை நீண்ட நேரம் நின்றிருக்கிறது. 1883 ஏப்ரல் 30-ல் அவர் மறைந்தார்.